நன்றிக்கு ஒரு பட்டன்

"அந்த நன்றி பட்டன் மட்டும் இருந்தாப் போதுமுங்க அண்ணி. மத்ததையெல்லாம் எடுத்துடுங்க" என்று சொல்லி, டக்ளஸ் லேப்டாப்பைக் கொண்டுவந்து எல்சாவின் மடியில் வைத்தான். எல்சா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, புருஷனுக்குப் போட்டுவிட வேண்டிய கறுப்பு சாக்ஸில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மற்றதை இழுப்பறைக்குள் தேடிக்கொண்டிருந்தாள். தேடின கை அப்படியே நின்றது.

"எதுக்கு?"

"சர்ச்சுல சர்வீஸ் முடியறப்ப நான் ரெண்டு வார்த்தை பேசறேனுங்க. பேசி முடிச்சு, இப்ப எங்கண்ணனே உங்ககிட்ட பேசுவாருன்னு சொல்லிட்டு இதை அமுக்கிருவேன். அண்ணன் குரல்லயே எல்லாத்துக்கும் நன்றி. எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க."

"நீங்களே எடுத்துக்குங்க தம்பி. எனக்கு சாக்ஸைக் காணோம்."

"எனக்கு அது பிடிபடாதுங்க. தப்பா வேற எதையாச்சும் அமுக்கிட்டன்னா சபை முன்னாடி அசிங்கமாப் போயிரும். நீங்கதான அதையெல்லாம் அடுக்கி வெச்சது?"

சொல்லிவிட்டு அவன் ஹாலுக்குப் போய்விட்டான். அங்கே ஃப்ரீசர் பெட்டிக்குள் அவன் அண்ணன் லெஸ்லி, மூக்கில் பஞ்சும் கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டையுமாகப் படுத்திருந்தார். குன்னூர் குளிருக்கு ஃப்ரீசர் எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் டக்ளஸே பதில் சொல்லிக்கொண்டிருந்தான். சாவு வீட்டிலும் அவனுக்கு மேடை கிடைத்துவிட்டது என்று எல்சா நினைத்தாள்.

அடுக்கி வைத்தது அவள்தான், அதில் பொய்யில்லை. லெஸ்லிக்குத் தொண்டையில் புற்று என்று தெரிந்து, குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று கோயம்புத்தூர் டாக்டர் சொன்னபோது, அன்றாடம் பேசுவதையெல்லாம் முன்கூட்டியே பதிவு செய்து வைத்துக்கொள்ளச் சொன்னார். சாப்பாட்டு மேசையில் போனை வைத்துக்கொண்டு லெஸ்லி ஒரு வாரம் பேசினார். மகள் கெஸியா அதையெல்லாம் தன் பழைய லேப்டாப்பில் ஏற்றி, திரையின் அடியில் தேடுகிற டூல்பார் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். இரண்டு எழுத்து அடித்தால் அந்தப் பேச்சு வந்து நிற்கும், தட்டினால் அவர் குரலில் பேசும். அவசரத்துக்கு எழுத்தடிக்க விரல் வராது என்பதால், அடிக்கடி வேண்டியதை அதே டூல்பாரில் பட்டனாக வைத்துக்கொள்ளலாம்.

எதைப் பட்டனாக வைப்பது, எதை எந்த இடத்தில் வைப்பது என்பதற்கென்றே ஒரு கூட்டம் இருந்தது. அதே ஆஸ்பத்திரியில் குரல்வளை எடுத்த பத்துப் பதினைந்து பேர் ஞாயிறு சாயங்காலம் வீடியோவில் கூடுவார்கள். எல்லோரிடமும் அதே டூல்பார்தான். ஆரம்பிக்கும்போது அத்தனை லேப்டாப்பும் போனும் ஒரே நேரத்தில் "வணக்கம்" சொல்லும். பிறகு அவர்கள் எழுத்தடிக்க, பெண்டாட்டிகள் வாசித்துச் சொல்வார்கள். நடுவட்டம் ஊர்க்காரர் ஒருவர் பட்டனுக்கு நிறம் மாற்றக் காட்டிக்கொடுத்தார். கை முதலில் போவது இடது பக்கம் என்பதால், அதிகம் பேசுவதை இடது ஓரத்தில் வைக்க வேண்டும் என்பது கூட்டத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விதி.

அந்த விதிப்படி எல்சா உட்கார்ந்து மவுஸால் ஒவ்வொன்றாக இழுத்து வைத்தாள். இடமிருந்து: எங்க போய்த் தொலஞ்ச. தண்ணி. ஜன்னலச் சாத்து. சூடே இல்ல. தொணதொணக்காத. வலது பக்கம் போகப் போக வெளி ஆட்களுக்கானவை: வாங்க, உக்காருங்க. வணக்கம். கடைசியில், ரொம்ப நன்றிங்க, கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார். இடப்பக்கம் முழுக்க அவளுக்கு. தன்னைத் திட்டுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று, திட்டுகளைத் தன் கையாலேயே வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். அப்போது அது உறைக்கவில்லை. இப்போது லேப்டாப் மடியில் கனக்கும்போது உறைத்தது.

இடது ஓரத்தில் இருந்த முதலாவது, பதிவு செய்ய நினைத்துச் செய்ததே இல்லை. பேசிக்கொண்டிருந்தவருக்குத் தொண்டை வறண்டிருக்கிறது. அவள் பின்பக்கம் துணி எடுக்கப் போயிருந்தாள். போன் ஓடிக்கொண்டிருந்தது தெரியாமல் கத்தினார். அது அப்படியே விழுந்துவிட்டது. "இதை அழிச்சிரட்டுமாப்பா?" என்று ஆபரேஷனுக்குப் பிறகு கெஸியா கேட்டபோது, கையை ஆட்டி வேண்டாமென்றார். மறு மாதமே அதுதான் அவருக்கு ரொம்பப் பிடித்த பட்டனாகிவிட்டது.

பதிவு நடந்த அந்த வாரத்தில்தான் அவளும் வாய்விட்டுக் கேட்டாள். "எம்பேரையும் ஒருக்காச் சொல்லி வெச்சிருங்க."

"கூப்புட்டா வரப்போற. பேரு எதுக்கு?" என்றார் லெஸ்லி. அதோடு அது முடிந்துபோனது.

வெளியே ஆட்டோ வந்து நின்றது. கோத்தகிரியிலிருந்து இசக்கிமுத்துவும் அவர் பெண்டாட்டி சின்னம்மையும் வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பார்த்த முகங்கள். இசக்கிமுத்துவுக்கும் கழுத்தில் துளை, அதன்மேல் ஒரு சின்னத் துணி. அவர் பெட்டியின் பக்கத்தில் நின்று, என்ன சொல்வதென்று தன் போனில் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். சாவுக்கென்று யாரும் எதையும் பதிவு செய்து வைத்திருக்கவில்லை. கடைசியில் எதையோ தொட்டார். "வணக்கம், நல்லா இருக்கீங்களா?" என்று போன் லெஸ்லியிடம் கேட்டது. ஜன்னல் பக்கம் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். இசக்கிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்.

சின்னம்மை நேராக அறைக்குள் வந்து எல்சாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். ஒப்பாரி வைக்கவில்லை. அதுவே எல்சாவுக்குப் பெரிய உபகாரமாக இருந்தது.

"இதென்னங்கக்கா, இந்நேரத்துல லேப்டாப்பு?"

எல்சா சொன்னாள். சின்னம்மை திரையைப் பார்த்தாள். எந்தப் பட்டன் எந்த இடத்தில் இருக்கிறது என்று அவளுக்கும் ஒரு கண் உண்டு.

"உங்களுது நெறையா இருக்குதுங்கக்கா. எங்க ஊட்டுல அவுரு மொத எடத்த மாத்தவே உட மாட்டாரு."

"மொத எடத்துல என்ன?"

"சின்னுன்னு இருக்குமுங்க" என்றாள் அவள், சாதாரணமாக. "என்னியக் கூப்பிடறது."

எல்சா மவுஸைப் பிடித்தாள். 'தொணதொணக்காத'வை எடுத்தாள். 'சூடே இல்ல' போயிற்று. 'ஜன்னலச் சாத்து' போயிற்று. எடுக்க எடுக்க டூல்பாரில் ஒரு நல்ல மனிதர் மிச்சமாகிக்கொண்டே வந்தார். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டீ ஃபேக்டரியில் தேயிலைத் தயாரிப்பை மேற்பார்க்கும் டீ மேக்கராக இருந்த காலத்திலேயே லெஸ்லி சார் என்றால் மரியாதை. கொழுந்து மூட்டை சுமக்கிற பையனையும் வாங்க போங்க என்றுதான் சொல்வார். குரல் போன பிறகும் அது குறையவில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவன் வாசலைத் தாண்டுவதற்குள் லேப்டாப் நன்றி சொல்லும். நர்ஸுக்கு நன்றி, பாஸ்டருக்கு நன்றி, முட்டைக்கோசு கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு தடவை நன்றி. கழுத்துத் துளையில் குழாயை எடுத்துக் கழுவி, சளியைத் துடைத்து, மறுபடி மாட்டிவிட்டு நிமிர்ந்தால் எல்சாவுக்குக் கிடைப்பது, ஜன்னலச் சாத்து.

கெஸியா வாசலில் வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "அம்மா, சாக்ஸ் கெடச்சுதா? வண்டி வந்துருச்சு."

"ஒண்ணுதான் இருக்குது."

"சித்தப்பா சொல்றது நல்லாத்தானம்மா இருக்குது? அப்பா குரலைக் கேட்டா எல்லாரும் அழுதுருவாங்க."

"உங்கப்பா அந்த நன்றிய எனக்கு ஒரு தடவையாச்சும் அமுக்கி நீ பாத்திருக்கியா?"

கெஸியா சின்னம்மையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஊட்டுக்குள்ள யாரும்மா நன்றி சொல்லுவாங்க? இன்னிக்கி ஒரு நாளு விட்டுரும்மா."

அவள் போனதும் எல்சா மறுபடி மவுஸைப் பிடித்தாள். ஒரு நாள். இவர்கள் எல்லோருக்கும் ஒரு நாள்தான். பொங்கி வந்தது அழுகை இல்லை என்பது அவளுக்குத் தெளிவாகவே தெரிந்தது. லெஸ்லி மேல் கோபம், டக்ளஸ் மேல் கோபம், பெற்ற மகள் மேல் கோபம். எல்லாவற்றையும் விட, மவுஸைப் பிடித்து அடுக்கி வைத்த தன் கை மேல்தான் அதிகக் கோபம்.

'தண்ணி', 'வாங்க', 'வணக்கம்' எல்லாம் போயின. கடைசியாக வலது ஓரத்துக்குப் போய் நன்றியையும் எடுத்தாள். இப்போது டூல்பாரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, இடது ஓரத்தில் எப்போதும் இருப்பது. அதன்மேல் வைத்து, பெயரை மாற்று என்பதைத் தொட்டாள். என்ன பெயர் என்று கேட்டது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி நன்றி என்று அடித்தாள். வெளி ஆட்களுக்கான பட்டன்களுக்கு இருந்த அதே பச்சை நிறத்தையும் கொடுத்தாள்.

"அக்கா, மாத்தி வெச்சுட்டீங்க" என்றாள் சின்னம்மை மெதுவாக.

"தெரியும்."

சின்னம்மை அவள் முகத்தைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, லேப்டாப்பின் சத்தத்தைக் கடைசிவரை ஏற்றி வைத்தாள். "சர்ச்சுல பின்னாடி இருக்கறவங்களுக்கும் கேக்கோணுமில்லீங்க" என்றாள்.

எல்சா லேப்டாப்பை மூடி டக்ளஸிடம் கொடுத்தாள். "ஒரே பட்டன்தான் தம்பி. தப்பு வராது." லெஸ்லி காலில் ஒன்று கறுப்பும் ஒன்று சாம்பலுமாக சாக்ஸ் போட்டுச் சவப்பெட்டிக்குள் போனார்.

சர்ச்சுக்குள் பக்கவாட்டுக் கதவு வழியாகப் பனி வந்துகொண்டிருந்தது. யாரும் எழுந்துபோய்ச் சாத்தவில்லை. எஸ்டேட் ஆட்கள், ஃபேக்டரி ஆட்கள், சபையார் என்று பெஞ்செல்லாம் நிறைந்து, பின்னால் சுவரோரம் சிலர் நின்றார்கள். எல்சா முதல் பெஞ்சில் நடைபாதை ஓரம், பக்கத்தில் கெஸியா. பாஸ்டர் ஜெபித்தார், பாட்டு பாடினார்கள். எதுவும் அவள் காதில் ஏறவில்லை. டக்ளஸ் எப்போது எழுந்திருப்பான் என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. அவன் முகம் போகிற போக்கை அவள் பார்க்க வேண்டும். அப்புறம் திரும்பி எல்லோர் முகத்தையும் பார்க்க வேண்டும். லெஸ்லி சாரைத் தெரியும் என்று சொன்ன ஒவ்வொருவருக்கும் இனித்தான் தெரியப்போகிறது.

டக்ளஸ் எழுந்தான். இரண்டு வார்த்தை என்றவன் இருபது நிமிஷம் பேசினான். அண்ணனின் பணிவு, அண்ணனின் நன்றியுள்ள மனது. அண்ணியைப் பற்றியும் ஒரு வரி வந்தது. பொறுமைசாலி என்றான்.

"குரல் போயும் அவரு நன்றி சொல்ல மறந்ததில்லைங்க. இன்னிக்கி கடைசியா ஒருக்கா, எங்கண்ணனே உங்ககிட்ட பேசுவாரு."

மைக்கை லேப்டாப்பின் பக்கத்தில் வளைத்து வைத்தான். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தான். அமுக்கினான்.

"எங்க போய்த் தொலஞ்ச? எத்தன தடவ கத்தறது? தண்ணி கொண்டா."

ஃபேக்டரியின் இரைச்சலைத் தாண்டிக் கத்திக் கத்திப் பழகிய குரல். அது கூரைவரை போய்த் திரும்பி வந்தது.

எல்சா டக்ளஸின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு கால் பெஞ்சை விட்டு நடைபாதைக்கு வந்திருந்தது, சமையலறை எந்தப் பக்கம் என்று உடம்பு திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. செத்தும் எழுப்பிவிட்டாரே மனுஷன் என்று உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது. அவருக்குப் பயந்து எழுந்த காலை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

டக்ளஸின் கை லேப்டாப்பின் மேலேயே நின்றுவிட்டது. பாஸ்டர் அவளைப் பார்த்தார்.

அம்மா எழுந்ததைப் பார்த்து கெஸியா எழுந்தாள். அவளைப் பார்த்து முதல் பெஞ்சு எழுந்தது. பிறகு எதிர்ப்பக்கத்துப் பெஞ்சு. துக்கக்காரி எழுந்தால் எழ வேண்டும் போலிருக்கிறது என்று அதற்குப் பின்னால் இருந்தவர்களும் சேலையைச் சரிசெய்துகொண்டு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, வரிசை வரிசையாக எழுந்தார்கள். பெஞ்சுகள் கிறீச்சிட்டுக்கொண்டே கடைசிச் சுவர்வரை போய் ஓய்ந்தன. பாஸ்டரும் புத்தகத்தை மூடிவிட்டு நின்றார்.

எல்சா உட்கார்ந்துவிடலாம் என்று திரும்பினாள். பின்னால் சபை முழுவதும் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தது.