நடுக்கூடத்தில் நயாகரா

பாகீரதி தன் மகன் சாயைக் கழக்கூட்டம் பைபாஸில் பார்த்தும் பார்க்காதவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்ட அன்று சாயங்காலம், திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் அவள் வீட்டு நடுக்கூடத்தில் நயாகரா விழத் தொடங்கியது. விளக்கேற்றும் நேரம். உத்தரத்துக்கும் ஓட்டுக்கும் இடையிலிருந்து முதலில் கயிறு கனத்தில் தண்ணீர் இறங்கியது. ஓடு உடைந்துவிட்டது என்று நினைத்து அவள் கணவர் நீலகண்டன் ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தார். வாளி நிறையவில்லை. தண்ணீர் தரை வரைக்கும் வந்து, தரையைத் தொட்டதும் காணாமல் போயிற்று. பாகீரதி சுவாமி அறையில் திரி போட்டு முடிப்பதற்குள் கயிறு சுவராகிவிட்டது, ஊஞ்சல் சங்கிலி இரைச்சலில் கிடுகிடுவென்று ஆடியது. கூடம் பன்னிரண்டடி அகலம். அருவியோ தன்னுடைய முழு அகலத்தில்தான் விழுந்தது. இதெப்படி என்று தெருவிலிருந்த ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்கள் இரண்டு பேர் டேப் பிடித்து அளந்து பார்த்தார்கள். இரண்டு அளவும் சரிதான் என்று சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

அது நயாகராதான் என்று உறுதி சொன்னவள் பக்கத்து வீட்டு வாலாம்பாள். அவளை மீறி அந்தத் தெருவில் நயாகராவைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது. "சந்தேகமே வேண்டாம், அதாக்கும் இது. ரெண்டு தடவை நனைஞ்சவளாக்கும் நான், எனக்கு இந்த வாசனை தெரியாதா?" என்றாள். குடிநீர் ஆபீஸிலிருந்து வந்த ஆளும் கையில் பிடித்து முகர்ந்து பார்த்து, இது நம்முடைய பைப்புத் தண்ணீர் இல்லை, குளோரின் மணமே இல்லை என்று சொல்லிவிட்டான். அதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது?

அந்தத் தெருவின் வழக்கத்தைச் சொன்னால்தான் இதெல்லாம் புரியும். அங்கே பிள்ளை அமெரிக்கா போனால் மட்டும் போதாது. அப்பாவும் அம்மாவும் ஒரு தடவை போய், நயாகராவுக்கு முன்னால் மெல்லிய பிளாஸ்டிக் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, சாரலில் கண்ணைச் சுருக்கியபடி படம் எடுத்துக்கொண்டு வர வேண்டும். அருவி இரண்டு தேசங்களின் எல்லையில் விழுகிறது. அமெரிக்கக் கரையில் படகு ஏறினால் நீலக் கோட்டு, கனடாக் கரையில் ஏறினால் சிவப்பு. படம் பெரிதாக்கி வாசலறையில் மாட்டப்படும். நீல வீட்டுக்காரர்களுக்குச் சிவப்பு வீட்டுக்காரர்களிடம் ஒரு இளக்காரம் உண்டு, சிவப்புக்காரர்களுக்கு நீலத்திடம் அதைவிட அதிகமாக உண்டு. வாலாம்பாள் வீட்டில் இரண்டும் தொங்கியதால் அவள் எந்தக் கட்சியிலும் சேராமல் தனியாக நின்றாள். பாகீரதி வீட்டுச் சுவரில் ஒன்றுமில்லை. வருகிறவர்கள் எல்லாம் அந்த வெற்றுச் சுவரை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

சாய் இருந்த ஊர் பஃபலோ. அங்கேயிருந்து அருவிக்குக் காரில் அரை மணி. இவ்வளவு பக்கத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு இன்னும் போகாமல் இருந்தால் யார்தான் சும்மா விடுவார்கள்? ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் சாய் வீடியோவில் வருவான், அவனுக்கு அது சனிக்கிழமை ராத்திரி, மூன்று பேரும் உட்கார்ந்து பயணத்தைத் திட்டம் போடுவார்கள். நீலகண்டன் சாலைக் கடைவீதியில் ஒரு துணிக்கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். மாநில எல்லையான களியிக்காவிளையைத் தாண்டி நாகர்கோவில் போவதென்றாலே முந்தின நாள் தூங்காத மனிதர், இரண்டு தேசங்களின் எல்லைக்கே போவதென்றால் கேட்க வேண்டுமா? எந்த மாசம் பனி உறையும், எந்தக் கரையிலிருந்து பார்த்தால் முழுசாகத் தெரியும், பாலத்தைத் தாண்டிக் கனடாவுக்குப் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்ப முடியுமா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பாகீரதி பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்பாள். ஒரு வருஷம் தொற்று வந்தது, ஒரு வருஷம் சாய் வீடு மாற்றினான், பயணம் தள்ளிக்கொண்டே போயிற்று. கடைசி ஒரு வருஷமாக மட்டும் சாய் தானாகவே, யாரும் கேட்காமலே, ஒவ்வொன்றையும் விஸ்தாரமாகச் சொல்லத் தொடங்கினான். படகில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும், செருப்பு நனையாமல் என்ன செய்ய வேண்டும் என்பது வரைக்கும். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பின்னால் தெரிந்த கதை இது. கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது சாயின் வேலையும் போயிற்று, விசாவும் போயிற்று. விமானம் திருவனந்தபுரத்தில் இறங்கியது. அங்கேயிருந்து ஸ்ரீவராகத்துக்கு ஆட்டோவில் பத்து நிமிஷம்கூட ஆகாது. பிள்ளை ஆட்டோ பிடித்தான், ஆனால் எதிர்ப்பக்கமாகக் கழக்கூட்டத்துக்குப் போய், நாலு பேர் தங்கும் அறையில் ஒரு கட்டிலை வாடகைக்கு எடுத்துக்கொண்டான். வேலை கிடைத்ததும் வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தான். கிடைக்கவில்லை. ஓட்டல் சாப்பாட்டை வீடு வீடாகக் கொண்டு கொடுக்கும் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் திரையை இழுத்துவிட்டு, லைட்டைப் போட்டு, ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு பஃபலோவிலிருந்து பேசினான்.

கழக்கூட்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வாலாம்பாளின் காரில் பாகீரதி திரும்பிக்கொண்டிருந்தாள். பைபாஸில் வண்டிகள் நின்றுவிட்டன. வாலாம்பாள் அப்போது விசாரித்துக்கொண்டிருந்ததே பயணத் தேதியைத்தான். காரை ஒட்டி ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. முதுகில் பெரிய சதுரப் பை, வெயிலில் கறுத்த முகம். ஹெல்மெட்டைத் தூக்கி வேர்வையைத் துடைத்தவன் திரும்பினான். பாகீரதியின் கண்ணும் அவன் கண்ணும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் வாய் அசைந்தது. "அம்மா."

"ஆராக்கும் அது? உன்னையா கூப்பிடறது?" என்றாள் வாலாம்பாள்.

"தெரியலை. வேற யாரையோ" என்று சொல்லிவிட்டு பாகீரதி மறுபக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். பயம் இல்லை, குழப்பமும் இல்லை, பச்சை வெட்கம். அவன் முதுகிலிருந்த பையைப் பார்த்து வெட்கப்பட்டாள். கார் நகர்ந்து சாக்கை தாண்டுவதற்குள், அப்படி வெட்கப்பட்டவள் தான் என்று நினைத்து அதைவிடப் பெரிதாக வெட்கப்பட்டாள். வீட்டுக்கு வந்து கால் கழுவி விளக்கேற்றப் போனபோதுதான் மேலே சொன்னது நடந்தது.

தெருவே திரண்டு வந்தது. பாகீரதி போக முடியவில்லை, அதனால் அருவியே அவளைத் தேடி வந்துவிட்டது என்றார்கள். புண்ணியவதி என்றார்கள். ஒவ்வொருவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லும்போதும் அவளுக்கு உடம்பு கூசியது. காலையில் கண்ணாடி ஓடு வழியாக வெயில் இறங்கி வானவில் கட்டும், குழந்தைகள் ஸ்கூலுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். நீலகண்டன் தூணும் ஊஞ்சலும் இருந்த பக்கம் அமெரிக்கா, அடுக்களைப் பக்கம் கனடா என்று தீர்மானித்து, நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தார். அது அழிய அழிய மறுபடியும் கிழித்தார். பயணத்துக்கு வாங்கிய குரங்குத் தொப்பியை மாட்டிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்து பழகினார். அசலைப் பார்க்கப் போகாமல் இருக்க முடியுமா, இது சும்மா ஒரு ஒத்திகை என்று எல்லோரிடமும் சொன்னார். வீட்டில் தீப்பெட்டி நமுத்தது, அப்பளம் காயவில்லை. பாகீரதி ஈரப் புடவையோடேயே சமைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாய் கூப்பிடமாட்டான் என்று அவள் நினைத்தாள். கூப்பிட்டான். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காதவன்போல, இந்தத் தடவை படகுக்கு முன்கூட்டியே பதிவு செய்துவிடலாம் என்றான். அவளும் ஒன்றுமே நடக்காதவள்போல, குளிர் எப்படி இருக்கும் என்று கேட்டாள். அவன் பக்கம் காக்கை கத்தியது. "ராத்திரியில காக்கா கத்தறதேடா?" என்றார் நீலகண்டன். "அது நம்ம ஆத்துக் காக்கா" என்றாள் பாகீரதி. இவள் பக்கம் இரைச்சல் கேட்டு, "என்னம்மா சத்தம்?" என்றான் சாய். நீலகண்டன் வாயைத் திறப்பதற்குள் "மழை" என்றாள். அவன் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து ஸ்வெட்டர் கழுத்தில் இறங்கியது. "ஹீட்டரைக் கொஞ்சம் கொறச்சுக்கோடா" என்றாள். கொறச்சுக்கறேம்மா என்றான். இப்படி ஒருவர் பொய்க்கு இன்னொருவர் கை கொடுத்து, ஆடி போய் ஆவணி வந்து புரட்டாசியும் முடிந்தது. பயணத் திட்டம் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் வளர்ந்துகொண்டே போயிற்று.

விசா இன்டர்வியூவுக்குச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டிய ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டது. வழியனுப்பத் தெருக்காரர்கள் கூடத்தில் அருவிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். அமெரிக்காவில் இடம் போதாமல் பாதிப் பேர் கனடாவில் இருந்தார்கள். சாய் வீடியோவில் வந்தான். ஆபீசர் கேட்டால் தடுமாறக் கூடாது என்று, பிள்ளையின் விலாசத்தையும் வேலையையும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார் நீலகண்டன், சபையும் கேட்கட்டும் என்ற பெருமை வேறு. சாய் சொல்லத் தொடங்கினான். தெருப் பேரைச் சொன்னான், கம்பெனிப் பேரைச் சொன்னான். சொல்லச் சொல்ல வேர்வை கண்ணில் இறங்கியது, துடைத்தால் தெரிந்துவிடும் என்று துடைக்காமல் இருந்தான். பாகீரதி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இந்த மனிதர் நாளைக்கு ஒரு அந்நியன் முன்னால் கைகட்டி நின்று இதை அத்தனையும் ஒப்பிக்கப் போகிறார். அவளுக்குத் தாங்கவில்லை. போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சாயி, போறும்டா. ஸ்வெட்டரைக் கழட்டு."

அவன் கை ஸ்வெட்டர் கழுத்துக்குப் போய் அங்கேயே நின்றது.

"அன்னிக்குக் கார்ல இருந்தது நானாக்கும். நீ அம்மான்னு கூப்பிட்டே. எனக்குக் கேட்டுது. யாரோன்னு சொல்லிட்டேன்." அருவியை மீறிக் கத்த வேண்டியிருந்ததால், கடைசி வார்த்தை வரைக்கும் எல்லோர் காதிலும் விழுந்தது.

"கண்ணாடி ஏத்தி இருந்ததும்மா. கேட்டிருக்காது."

"கேட்டுதுடா."

"சாரமில்லேம்மா, பரவாயில்லே."

"சாரம் உண்டு. ஆத்துக்கு வா. கழக்கூட்டத்துலேருந்து என்ன தூரம்!"

அவன் ஸ்வெட்டரைத் தலைக்கு மேலே இழுத்தான். முகம் அதற்குள்ளேயே வெகுநேரம் இருந்தது.

பாகீரதி போனைக் கீழே வைத்துவிட்டு, இனிக் கூட்டம் கேட்கப்போகும் கேள்விக்காகக் காத்திருந்தாள். ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். வாலாம்பாள்தான் கடைசியில் தொண்டையைச் செருமினாள். "தெரியும்டீ பாகீ. அவன் உன் மூக்கை அப்படியே வச்சுண்டு கார் பக்கத்துல நின்னா, தெரியாம இருக்குமா? நீயா சொல்லட்டும்னு இருந்தோம்." இத்தனை மாசம் கையைப் பிடித்துப் புண்ணியவதி என்று சொன்னவர்கள் எல்லோரும் தெரிந்தேதான் சொன்னார்கள். பூமி பிளக்கக் கூடாதா என்றிருந்தது பாகீரதிக்கு. தெரியாமல் இருந்தவர் ஒரே ஒருவர். நீலகண்டன் குரங்குத் தொப்பியைக் கழற்றி, மடித்து, ஊஞ்சலில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்க் கிணற்றடியில் நின்றார்.

சாய் ஸ்கூட்டரில் வந்து தெருமுனையில் இறங்கியபோது, ஜன்னலே சாத்திப் பழகாத அந்தத் தெரு முழுக்கக் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. பிள்ளை யார் பார்வையும் படாமல் வீட்டுக்குப் போகட்டும் என்ற மரியாதை. இடுக்கு வழியாகப் பார்த்தார்கள் என்பது வேறு விஷயம். பாகீரதி வாசலுக்கு இறங்கி வந்து, அவன் முதுகிலிருந்த பையைத் தன் கையாலேயே கழற்றி, தன் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே நடந்தாள். கூடத்துக்கு வந்ததும் அவன் நின்றுவிட்டான். நனைந்துகொண்டே நின்றான், சாப்பிடக் கூப்பிடும் வரைக்கும் அசையவில்லை.

சொல்லிவிட்டால் அருவி நின்றுவிடும் என்று பாகீரதி நினைத்திருந்தாள். நிற்கவில்லை. அவள் வெட்கமும் அப்படி ஒன்றும் தீர்ந்துவிடவில்லை, கடைத்தெருவில் சதுரப் பை மாட்டிய பையன்களைக் கண்டால் இன்றைக்கும் அவள் தலை தானாகக் குனிந்துவிடுகிறது. கட்டில்களை உள் அறைக்கு மாற்றினார்கள். அப்பளத்தை வாலாம்பாள் வீட்டு மாடியில் காய வைத்தார்கள். சாய் காலையில் பையோடு போவான், இருட்டியதும் வருவான். நீலகண்டன் அவனோடு பேசவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் பாகீரதியிடம் சொல்லுவார், அவன் காதில் விழுகிற மாதிரி. ஐப்பசி முழுக்க அப்படித்தான் போயிற்று, கார்த்திகையும் பாதி போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வானவில் கட்டியிருந்தபோது, அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார். "நேர்ல பாத்ததுக்கும் இதுக்கும் வித்தியாசம் ஏதாவது உண்டோ?"

கேள்வி தனக்குத்தான் என்று புரிய சாய்க்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "நான் பாத்ததில்லேப்பா" என்றான்.

"அரை மணி தூரம்னு சொன்னியே?"

"அரை மணிதான். கூட இருந்தவா எத்தனையோ தடவை கூப்பிட்டா. நீங்க ரெண்டு பேரும் வந்தப்புறம் சேர்ந்து பாக்கலாம்னு போகாம இருந்தேன்."

பாகீரதி அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றாள். நீலகண்டன் பேப்பரை மடித்து வைத்தார். எழுந்து போய், ஈரத் தரையில் வழுக்காமல் மகனின் முழங்கையைப் பிடித்து, சாக்பீஸ் கோட்டைத் தாண்டி அடுக்களைப் பக்கம் அழைத்து வந்தார்.

"அங்கேருந்து பாத்தா தூண் மறைக்கும். இங்க நில்லு" என்றார்.