டெல்பின் ஆற்றிய ஹோஜிச்சா

வெள்ளையடித்த வாரத்தில் ரெமிஜியுஸின் வீட்டிலிருந்து வாசனை போய்விட்டது. கதவுகளைத் திறந்து வைத்திருந்தார்கள். அது படியிறங்கித் துறைமுகம் பக்கம் போனதைத் தெருவில் இரண்டு பேர் பார்த்தார்கள். தடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

தூத்துக்குடியில் வாசனை இல்லாத வீடு தனி வீடு ஆகாது. பக்கத்து வீட்டோடு சேர்த்துவிடுவார்கள். வீட்டு வாசனைப் பதிவகத்திலிருந்து தாள் வந்தது. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பரிசோதகர் வருவார். அதற்குள் வேறெந்த வீட்டிலும் இல்லாத ஒரு வாசனையை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். தவறினால் ரெமிஜியுஸும் அவன் மனைவி டெல்பினும் பக்கத்து வீட்டுப் பெர்பெத்துவின் குடும்பத்தில் சேர்வார்கள். அந்தக் குடும்பத்தின் படிவத்தில் இரண்டு கட்டங்கள்தான் காலியாக இருந்தன. ஒன்று தம்பி. மற்றது தங்கை.

ரெமிஜியுஸ் தாளை இரண்டு முறை படித்தான். அப்படியானால் அவனும் டெல்பினும் அண்ணன் தங்கை.

பெர்பெத்துவுக்கு இதில் வருத்தம் இல்லை. அவள் உடன்பிறப்பு இல்லாமல் வளர்ந்தவள். நடுச்சுவர் ஏற்கெனவே துணி அளவுக்கு மெலிந்திருந்தது. சனிக்கிழமை காலையில் அவள் கை அதன் வழியாக வந்து உப்பு ஜாடியை எடுத்தது.

“மைனி, அது எங்க உப்பு,” என்றான் ரெமிஜியுஸ்.

“இனி என்ன எங்க, உங்க? தம்பி வீட்ல உப்பு எடுக்க அக்கா கேக்கணுமால?”

“இன்னும் நாலு மணி ஆகல.”

“ஆகும்,” என்றது சுவர்.

டெல்பின் காப்பி கொண்டுவந்தாள். “இந்தாங்கண்ணே,” என்றாள்.

சொல் வாயிலிருந்து விழுந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு அவள் முக்காலியை இழுத்துப்போட்டு ஏறி, பரணில் கையை விட்டாள். கிறிஸ்துமஸ் குடில் சாமான்களுக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். அவன் கப்பல் ஜப்பானில், யோகஹாமாவில் நின்றபோது வாங்கி வந்தது. வறுத்த பச்சைத் தேயிலை. ஹோஜிச்சா என்று பெயர். ஆறு வருடமாக அதை யாரும் திறக்கவில்லை.

“இத ரம்முல ஊறப்போட்டா?” என்றாள்.

“ஆரு குடிப்பா?”

“குடிக்கதுக்கா செய்யுதோம்? மோந்து பாக்கத்தான.”

தேயிலை கடற்காற்றில் நமுத்துப்போயிருந்தது. அவள் இரும்புச் சட்டியைக் காயவைத்து, தீயைத் தணித்து, இலைகளைப் போட்டாள். கரண்டி எடுக்கவில்லை. சட்டியைப் பிடித்து ஆட்டினாள். இலைகள் எழுந்து, புரண்டு, அதே இடத்தில் விழுந்தன. ஒன்றுகூட விளிம்பைத் தாண்டவில்லை.

ரெமிஜியுஸ் கதவோரம் நின்று பார்த்தான். பதினொரு வருடம் கப்பலில் எந்திர அறையில் இருந்தவன். இவ்வளவு சீராக ஓடும் எதையும் அங்கே பார்த்ததில்லை. அவன் கையில் எதுவும் தளும்பாமல் இருந்ததில்லை. கல்யாணத்தன்று ஒயினை அவள் சேலையில் கொட்டினான். அந்தக் கறை இன்னும் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு விரல் நகர்ந்து, இப்போது முந்தானைக்கு வந்துவிட்டது.

வெள்ளை ரம்மில் இலைகளைப் போட்டு மூடினாள். அரை மணிக்கு ஒரு முறை திறந்து முகர்ந்தாள். ரம் செங்கல் நிறத்துக்கு வந்ததும், “போதும், இனி கசக்கும்,” என்று மெல்லிய துணியில் வடிகட்டினாள். கடிகாரத்தை அவள் பார்க்கவே இல்லை. கருப்பட்டியைப் பாகாக்கினாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள்.

“எலுமிச்சம்பழம்,” என்றாள்.

சமையலறை மதியத்துக்குப் பிறகு நீண்டிருந்தது. பழத்தை எடுக்க அவன் ஒன்பது நிமிடம் நடந்தான். திரும்ப வர ஏழு நிமிடம்.

நான்கு மணிக்குப் பரிசோதகர் வந்தார். தோள்பை நிறையத் திருநீற்றுப் பொட்டலம் போல மடித்த காகிதங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வீடு. செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடினார்.

“தேயில வறுத்தியளோ?”

“ஆமா சார்.”

அவர் ஒரு காகிதத்தைப் பிரித்து முகர்ந்தார். “பதினாறாம் நம்பர் வீடு. கடல வறுத்த வாசம். கிட்டத்தட்ட இதேதான். தள்ளுபடி.”

“ரம்மு இருக்கு,” என்றான் ரெமிஜியுஸ்.

“ரம்மு நூத்திப் பன்னெண்டு வீட்ல இருக்கு. நம்ம ஊரு தெரியாதா?”

“கருப்பட்டி?”

“அதுக்குத் தனித் தெருவே இருக்கு.”

சுவர் சிரித்தது. டெல்பின் திரும்பிப் பார்க்கவில்லை. “எல்லாத்தையும் சேத்தா?”

“சேத்துக் காட்டுங்க.”

அவள் ஒரு டம்ளரில் ரம்மை ஊற்றினாள். பாகு, எலுமிச்சைச் சாறு, பனிக்கட்டி. அவற்றைக் குலுக்க ஒரு மூடிபோட்ட டப்பாவை ரெமிஜியுஸ் எடுத்து வைத்திருந்தான். அவள் அதை எடுக்கவில்லை. இன்னொரு டம்ளரை இடது கையில் பிடித்தாள். வலது கையை உயர்த்தி, காப்பி ஆற்றுவதுபோல ஆற்றத் தொடங்கினாள்.

பரிசோதகர் கண்ணைத் திறந்தார். “அது குளுந்துதான இருக்கு? எதுக்கு ஆத்துதிய?”

டெல்பினின் கை நின்றது. “பழகிப்போச்சு சார். கை கேக்கல.”

“நிறுத்தாதீங்க.”

அவர் கழுத்தை நீட்டினார். “கீழ டம்ளர்ல இல்ல. மேல டம்ளர்லயும் இல்ல. நடுவுல இருக்கு.” தோள்பையைக் கவிழ்த்துக் காகிதங்களைத் தேடினார். எதுவும் ஒத்துவரவில்லை. “சரி. ஆனா இது ஒரு முழந்தான். வீட்டு அளவுக்கு வேணும். ஒசத்துங்க.”

“என் கை எட்டாதே.”

“கீழ டம்ளர வீட்டுக்காரர் பிடிக்கட்டும். விதியே அதுதான். ஆளுக்கு ஒருதடவ ஆத்தணும். ஒரு சொட்டு தரையில விழுந்தா பக்கத்து வீடு.”

சுவரிலிருந்து பெர்பெத்துவின் தலை வெளியே வந்தது. “இவனா பிடிக்கப் போறான்? கல்யாணத்துலயே பாத்தோமே! வா தம்பி, மீன் பொரிச்சு வச்சிருக்கேன். வந்து சாப்பிடு.”

டெல்பின் முக்காலியில் ஏறினாள். ரெமிஜியுஸ் தரையில் உட்கார்ந்து டம்ளரை இரு கையாலும் பிடித்தான். அவள் கையை உயர்த்தினாள். கூரை வழிவிட்டது. முக்காலி வளர்ந்தது. சுற்றிலும் சுவர்கள் வளர்ந்தன, வெள்ளையடித்தபடியே வளர்ந்தன. ஒரு மாடி. இரண்டு. ஐந்தாவதுக்குப் பிறகு அவன் எண்ணவில்லை.

செங்கல் நிறத்தில் ஒரு நூல் மேலிருந்து இறங்கிவந்தது. அது அறுபடவில்லை. வளையவில்லை. ஜன்னல்கள் வழியாகக் கடற்காற்று வீசியது. நூல் அசையவில்லை. மேலே அவள் கடுகளவு இருந்தாள். அவள் கை தெரியவில்லை. கை செய்யும் வேலை மட்டும் வந்துகொண்டிருந்தது.

இவளை நான் எப்படிக் கட்டினேன் என்று அவன் நினைத்தான். அதற்கான படிவம் எங்கோ இருக்க வேண்டும்.

கடைசிச் சொட்டு டம்ளரின் நடுவில் விழுந்தது. தீய்ந்த இலையும் மழை நின்ற மதியமும் கலந்த வாசனை எல்லா மாடிகளிலும் நின்றது.

“ஒங்க முறை,” என்றார் பரிசோதகர்.

“எப்படி?”

“மேலதான்.”

ரெமிஜியுஸ் எழுந்து நின்றான். டம்ளர் தளும்பியது. பனிக்கட்டி ஒருமுறை மோதியது.

மேலிருந்து டெல்பினின் குரல் மாடி மாடியாக இறங்கிவந்தது. “என்னங்க! பயப்படாம ஊத்துங்க. நான் பிடிக்கேன்.”

அவன் டம்ளரை மேல்நோக்கிச் சாய்த்தான். நூல் எழுந்தது. முதல் மாடியைத் தாண்டியது. அவன் கை நடுங்கியது. அவள் அங்கே டம்ளரை அதற்கேற்ப நகர்த்திக்கொண்டாள். நடுக்கம் நூலில் ஒரு அலையாக மேலே போய், அவளிடம் சேர்ந்து, அடங்கியது.

டம்ளர் காலியானது. பரிசோதகர் மண்டியிட்டு உள்ளங்கையால் தரையைத் தடவினார். காய்ந்திருந்தது. ஒரு புதிய காகிதத்தைக் காற்றில் விரித்து, மடித்து, அதன் மேல் எழுதினார். கணவன். மனைவி. நடுவில் ஹோஜிச்சா.

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சுவர் தடிக்கத் தொடங்கியது. அது மூடுவதற்கு முன் ஒரு கை வந்து உப்பு ஜாடியை மேடையில் வைத்தது.

“இந்தாங்க, உங்க உப்பு,” என்றாள் பெர்பெத்து.

“மைனி, நீங்களும் ஒரு டம்ளர்...” என்று ரெமிஜியுஸ் ஆரம்பித்தான். சுவர் கெட்டியாகிவிட்டது. அவன் ஜாடியை இருந்த இடத்தில் வைத்தான்.

“இறங்கி வாரியா?” என்று மேலே பார்த்துக் கேட்டான்.

மேலே பனிக்கட்டி மோதும் சத்தம் கேட்டது.

“இன்னொரு தடவ ஆத்திட்டு வாரேன். பிடிங்க.”

அவன் தரையில் உட்கார்ந்து டம்ளரை ஏந்தினான். ஒரு கையால்.