பாடு முடியட்டும்

"நீயே ஒருவாட்டி கையப் புடிச்சிப் பாத்துடும்மா," என்றாள் பக்கத்து வீட்டு எல்லம்மா. பாடையில் ஏற்றக் குனிந்த ஆண்கள் அப்படியே நின்றார்கள். ஏரிக்கரை மீனவர் ஊரான பசியாவரத்தில் டாக்டருக்குப் படிக்கும் ஒரே பெண் பார்த்துச் சொல்லாமல் தேவேந்திரனைத் தூக்க அவர்களுக்கு மனசு வரவில்லை.

கலைவாணி தகப்பனின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தாள். நேற்றுக் காலையே போன உயிர். இரண்டாம் வருடம் படிப்பவளுக்கு அது தெரியாதா? ஆனாலும் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தபடி ஒரு நிமிடம் முழுசாகக் காத்திருந்தாள். எண்ணுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. "தூக்குங்க" என்றாள். அம்மா ஜெயம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கலைவாணிக்கு அழுகை வரவில்லை. பயம்தான் இருந்தது.

போன மாதம் அவள் கல்லூரியில் பரிவை அளந்தார்கள். ஆமாம், அளந்தேதான் பார்த்தார்கள், சர்க்கரையை அளப்பது போல. இங்கே நூற்றைம்பது மாணவர்கள், ஜப்பானில் அத்தனை பேர், போலந்தில் அத்தனை பேர். எல்லோருக்கும் அதே இருபது கேள்விகள். எந்த நாட்டு மாணவருக்கு நோயாளி மேல் எவ்வளவு பரிவு என்று தெரிந்துகொள்வதற்காம். 'நோயாளியின் இடத்தில் நின்று என்னால் பார்க்க முடிகிறது' என்ற வரிக்கு எதிரே கலைவாணி யோசிக்காமல் ஏழு என்ற எண்ணைச் சுழித்தாள். அதற்கு மேல் எண் கிடையாது. மூன்று நாட்டிலும் சேர்த்து அவளைத் தாண்டியவர்கள் நாலைந்து பேர்தான். பேராசிரியர் அவளை வகுப்பில் எழுப்பி நிற்கவைத்து எல்லோரையும் கைதட்டச் சொன்னார்.

அவளுடைய அறைத்தோழி திவ்யா வாங்கிய மதிப்பெண்ணை வெளியே சொல்ல முடியாது. திவ்யாவுக்கு யார் இடத்திலும் நிற்கத் தெரியாது. போன வருடம் அவள் அப்பாவுக்கு நெஞ்சு கனத்தபோது, "ஆபீஸ்ல இன்ஸ்பெக்‌ஷன் இருக்கு, ரெண்டு நாள் பொறும்மா" என்று அவர் கெஞ்சினார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. போனில் கத்தி, அழுது, மாடி வீட்டுக்காரரை வைத்து அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத்தான் ஓய்ந்தாள். அந்த மனிதர் இப்போது தினமும் காலையில் நடைப்பயிற்சி போகிறார்.

முந்தாநாள் சாயங்காலம் கலைவாணியின் நைனா அவளைப் போனில் கூப்பிட்டார்.

"மாருமேல யாரோ ஏறிக் குந்திக்கினு கீற மாதிரி கீதும்மா. எடது கையும் கடுக்குது."

"நைனா, இப்பவே கெளம்பு. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போ."

"நாளைக்கு நம்ம பாடும்மா."

ஏரியில் இறால் விழும் இடங்களுக்கு ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைதான் பாடு. தன் பாடு வரும் நாளில்தான் அங்கே வலை கட்டலாம். தவறவிட்டால் இருபது நாள் சும்மா கிடக்க வேண்டும். பாடு நாளில் நைனா கல்யாண மாப்பிள்ளை போல முகம் மழித்துக்கொண்டு கிளம்புவார். வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால், பாடாவது ஒன்றாவது என்று சத்தம் போட்டிருப்பாள். கலைவாணி ஒரு நொடி அவர் இடத்தில் நின்று பார்த்தாள்.

"சரி நைனா. பாடு முடிச்சிட்டு நேரா போயிடணும்."

"நீ ஒருத்திதான் என்னைப் புரிஞ்சிக்கினே," என்றார் அவர். சந்தோஷமாகத்தான் சொன்னார். "அம்மாகிட்ட சொல்லாத, பயந்துடும்."

மறுநாள் காலை வலையை முழுக்க இழுத்துப் போட்டுவிட்டுப் படகிலேயே சாய்ந்துவிட்டார்.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனதும் பெண்கள் ஏரியில் தலைமுழுக இறங்கினார்கள். மற்றவர்கள் கரையேறும்வரை கலைவாணி காத்திருந்தாள். இடுப்பளவு தண்ணீரில் அம்மா மட்டும் நின்றாள்.

"அம்மா, முந்தாநாளு நைனா எனக்குப் போன் பண்ணாரு. மாரு வலிக்குதுன்னாரு."

ஜெயம்மா திரும்பினாள். "நீ இன்னா சொன்னே?"

"பாடு முடிச்சிட்டுப் போன்னேன்."

திட்டுவாள், அறைவாள் என்று கலைவாணி எதிர்பார்த்தாள்; அறைந்தால் தேவலை என்றுகூட இருந்தது. ஜெயம்மா முந்தானையைப் பிழிந்தாள். சொட்டு நின்ற பிறகும் பிழிந்துகொண்டே நின்றாள். பிறகு கரையேறி வீட்டைப் பார்த்து நடந்தாள்.

வீட்டில் குப்பம்மாள் அத்தை வந்திருந்தாள், நைனாவின் அக்கா. பெங்களூரில் மகள் வீட்டிலிருந்து ஓடி வந்தும் தம்பி முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. ஜெயம்மாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"டாக்டரு புள்ளைய வெச்சிக்கினு, அதுகிட்டகூடவா ஒரு வார்த்தை சொல்லாம பூட்டான்?"

கலைவாணி வாசற்படியில் நின்றாள். வாயைத் திறந்தாள்.

"இல்ல அண்ணி," என்றாள் ஜெயம்மா முந்திக்கொண்டு. "யாருகிட்டயும் சொல்லல. மனசுலயே வெச்சிக்கினு பூட்டாரு."

அத்தை கலைவாணியை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஐயோ, உனக்குத் தெரிஞ்சிருந்தா உட்டிருப்பியாடி கண்ணு?" அத்தையின் தோளில் முகம் அழுந்தியிருக்க, கலைவாணி அம்மாவைத் தேடினாள். ஜெயம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"வாணி, அத்தைக்குத் தண்ணி கொண்டா," என்றாள்.

சொம்பு நிறைய மொண்டு எடுத்து வந்தாள். அம்மா முகத்தைத் திருப்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.