கலூலேக்கு வந்த களைப்பு

நம் சளி கொரில்லாவுக்கு ஒட்டும். நமக்கு மூக்கொழுகல், அதற்குச் சாவு. தினமும் காலையில் கொரில்லா பார்க்க வருகிறவர்களிடம் இதைச் சொல்வதுதான் என் வேலை. தலையாட்டுவார்கள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். காட்டுயிர்ப் படிப்பு. படித்து முடித்துப் பெரிய மனிதர்களின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று வந்தவர்களில் கலூலே என்பவர் தலைநகர் கம்பாலாவில் சிமெண்ட் வியாபாரி. அடிவாரத்திலேயே கைக்குட்டைக்குள் இருமினார்.

"சளியா சார்?"

"தூசும்மா. உங்க ஊரு ரோட்டுத் தூசு."

விடிய விடிய மழை பெய்திருந்தது. ரோடே சேறு. நான் எங்கள் அதிகாரி திபேசிக்வாவைப் பார்த்தேன். அவர் கலூலேயின் காரைப் பார்த்தார்.

"மாஸ்க் போட்டுக்கிட்டுப் போகட்டும் நின்சீமா," என்றார்.

ஏறினோம். பின்னால் பை தூக்க வந்தவர்கள் எங்கள் ஊர்த் தூக்குச் சங்கத்து ஆட்கள். எங்கள் மலையில் ரோடு எட்டாத வீடுகள்தான் அதிகம். யாருக்காவது முடியவில்லை என்றால் நீளக் கூடையில் படுக்கவைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்குவோம். தூக்க வராத வீட்டுக்கு நாளை யாரும் வரமாட்டார்கள். நோயாளியிடம் சம்மதம் கேட்கிற வழக்கம் கிடையாது. நோயாளி என்றால் எனக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்வான். பார்க்க வருகிறவர்களும் வழியில் விழுவதுண்டு என்பதால் கூடை கூடவே வரும்.

முன்னால் தடம் பார்த்துப் போனவர்கள் கையசைத்தார்கள். சரிவுக்கு அந்தப் பக்கம் கொரில்லாக் குடும்பம் மேய்ந்துகொண்டிருந்தது. போன வருடம் அதில் ஒரு குட்டி இருமி இருமிச் செத்தது. தாய் அதைக் கீழே போடாமல் நாள்கணக்கில் சுமந்து அலைந்தாள். இப்போது அவளுக்கு இன்னொன்று பிறந்திருந்தது.

கலூலே மாஸ்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு இருமினார். இந்த முறை கைக்குட்டைகூட இல்லை.

"சார், நீங்க இங்கயே உக்காருங்க. உங்களுக்குச் சளி."

"இல்லன்னு சொன்னேன்ல? ஏறி வந்த களைப்பு. நெஞ்சு அடைக்குது, கால் நடுங்குது, அவ்ளோதான். நீ என்ன டாக்டரா?"

"இல்ல சார். பி.எஸ்ஸி."

"மலைக்காட்டுப் பொண்ணுங்களுக்கு வாயைப் பாரு. உன் அதிகாரியே விட்டாச்சு. வழிய விடு பாப்பா."

நான் வழியை விட்டேன். திரும்பி, சங்கத்துத் தலைவர் துரியதெம்பாவைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, சாருக்கு நெஞ்சு அடைக்குதாம். கால் நடுங்குதாம். அவரே சொல்றாரு."

துரியதெம்பா தோளிலிருந்த பையை இறக்கினார். "நெஞ்சா?"

"நெஞ்சுதான்."

கூடை முன்னால் வந்தது.

"எனக்கு ஒண்ணுமில்லய்யா!"

"எங்க பெரியப்பாவும் இப்படித்தான் சொன்னாரு," என்றார் துரியதெம்பா.

"அப்புறம்?"

"அப்புறம் எதுவும் சொல்லல."

கலூலே கொஞ்சம் யோசித்தார். யோசித்தபடியே கூடையில் உட்கார்ந்தார்.

"படுத்துக்குங்க சார். உக்காந்தா உருண்டுடுவீங்க."

படுத்துக்கொண்டார். தூக்கினார்கள். சிமெண்ட் கனம் என்று யாரோ முனகியது கேட்டது.

மற்றவர்களை மாஸ்க் போடச் சொல்லி, கிட்டே போகாமல் நிறுத்தி, குட்டியைக் காட்டினேன். அது தாயின் வயிற்று முடியைப் பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

இறங்கியதும் திபேசிக்வா கூப்பிட்டார். "கம்பாலாலேர்ந்து மூணு போன். உன்னை வேலைய விட்டுத் தூக்கணுமாம். அவரை ஏன் திருப்பி அனுப்புன?"

"அனுப்பல சார். தூக்கினோம். நெஞ்சு அடைக்குதுன்னாரு."

"அவர் வாயாலயா?"

"எல்லார் முன்னாடியும்."

அவரும் அவர் ஊர்ச் சங்கத்தில் தோள் கொடுக்கிறவர்தான். மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடந்து இறங்கச் சொல்லியிருக்கலாம்ல?"

"நெஞ்சடைப்புன்னவரை நடக்க விட்டா உங்க ஊர்ல என்ன சொல்வாங்க சார்?"

"ஆஸ்பத்திரில என்னன்னாங்க?" என்றார்.

"சளின்னாங்க."

நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி, போன்ல நான் பேசிக்கிறேன். இனிமே சளி இருக்கான்னு அடிவாரத்துலயே கேட்டுடு."

"இன்னிக்கும் கேட்டேன் சார்," என்றேன்.