பாதி வழி வரைக்கும்

1

இதை எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. சனிக்கிழமை கிரேஸ் டீச்சரிடமிருந்து வந்த வாய்ஸ் மெசேஜால் வந்த வினை.

மலாவி நாட்டில், மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு தொடக்கப் பள்ளியில் பதினொரு மாதம் சம்பளமில்லாமல் பாடம் எடுத்தேன். கன்னியாஸ்திரீகள் மூலமாகப் போனது. கிரேஸ், பக்கத்து வகுப்பு டீச்சர். திங்கட்கிழமை பிள்ளைகளை வீடியோ காலில் காட்டுகிறாராம். நம் நேரத்துக்கு மதியம் ஒன்றரை. பிள்ளைகள் என்னிடம் ஒன்று கேட்க வேண்டுமாம். என்னவென்று அவர் சொல்லவில்லை.

இன்று திங்கட்கிழமை. விழுப்புரத்தில் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து கைப்பேசியில் தட்டிக்கொண்டிருக்கிறேன். திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் எனக்கு வேலை. இறங்குவதற்குள் கதையை முடித்துவிட்டால், மதியம் என்ன பேசுவதென்று தெரிந்துவிடும் என்று ஒரு நப்பாசை.

2

முதல் தொடக்கம்: "கடைசி நாளன்று எண்பத்து நான்கு பிள்ளைகளும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். வானமும் அன்று..."

வானத்தை இங்கே யார் கூப்பிட்டது? அடித்துவிட்டேன். கட்டிப்பிடித்து அழுதார்கள் என்பதும் பொய்.

இரண்டாவது தொடக்கம்: "பிள்ளைகள் கஞ்சிக்கு வரிசையில் நிற்கும் நேரம் பார்த்து, அடுப்படிக்குப் பின்பக்கமாக நான்..."

இது உண்மை. அதனால்தான் கை நின்றுவிட்டது.

(கொஞ்ச நேரம் நல்லதை நினைத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு மக்காச்சோளக் கஞ்சி கொதிக்கும் வாசனை மாமரத்தடி வகுப்பு வரைக்கும் வரும். ஆளுக்கொரு பிளாஸ்டிக் குவளை. என் செருப்பில் எப்போதும் செம்மண். ஆரோக்கியசெல்வி என்பது அவர்கள் வாயில் நுழையாததால் நான் "மேடம் செல்வி". வருகைப் பதிவின்போது "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லப் பழக்கியிருந்தேன். சிகொண்டி என்று எட்டு வயதுப் பெண், வராத பிள்ளைகளுக்கும் சேர்த்து அவளே உள்ளேன் சொல்லுவாள். ஒருநாள்கூட அவளை அதட்டியதில்லை. அவ்வளவு பிடிக்கும்.)

3

அந்த ஊரில் விருந்தாளியை வாசலோடு அனுப்ப மாட்டார்கள். கூடவே பாதி வழி வரைக்கும் நடப்பார்கள். எங்கே திரும்புவது என்று அவர்கள் முடிவு செய்வதில்லை. விருந்தாளிதான் நின்று, "போதும், திரும்புங்கள்" என்று சொல்ல வேண்டும். அதுவரை வந்துகொண்டே இருப்பார்கள். எனக்கு இது நன்றாகத் தெரியும். ரோட்டு முக்கு வரைக்கும் எண்பத்து நான்கு பேரும் என்னோடு நடப்பதாக ஏற்பாடு. யார் என் பையைத் தூக்குவது என்று ஒரு வாரம் சண்டை.

எங்கள் பக்கத்துப் பழக்கம் வேறு. பிள்ளை அழும் என்று தெரிந்தால், எதையாவது வேடிக்கை காட்டிவிட்டு நைசாக நழுவிவிடுவார்கள். கரும்பு வெட்ட வெளியூர் போகும் அம்மாக்கள் அப்படித்தான் போவார்கள். என் அம்மாவும் போயிருக்கிறாள். நானும் அதையே செய்தேன். எண்பத்து நான்கு முகங்களும் அழுவதைப் பார்க்கத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

4

அடிக்குறிப்பு. (கதைக்குள் வைக்க வெட்கமாக இருப்பதால் தனியாக.)

அங்கே மினிபஸ் நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி. ஆள் நிரம்பாமல் எடுக்க மாட்டார்கள். நான் ஏறியபோது மூன்று இடம் காலி. அதற்குள் பிள்ளைகள் ஓடி வந்துவிட்டார்கள். முன்னால் சிகொண்டி, கையில் துணியில் முடிந்த வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. "மேடம் செல்வி, மேடம் செல்வி" என்று ஒவ்வொரு ஜன்னலாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

நான் தலையைக் குனிந்து, காலடியில் இருந்த பையில் எதையோ தேடினேன்.

என் ஜன்னலுக்கு நேராக வந்ததும் அவள் கூப்பிடுவது நின்றுவிட்டது. பார்த்துவிட்டாள். அதற்குள் இடம் நிரம்பி வண்டி கிளம்பியது. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. எதுவரைக்கும் ஓடி வந்தார்கள் என்று தெரியாது, நான் நிமிரவே இல்லை.

5

நேற்று எங்கள் ஊர் காணையில், வீட்டில். அம்மா இருதயமேரி விதைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் புள்ளைங்ககிட்ட சொல்லிக்கினுதான வந்த?"

"இல்லம்மா. அதுங்களுக்குத் தெரியாம வந்துட்டேன். நீ என்ன ஹாஸ்டல்ல உட்டுட்டு வந்தியே, அந்த மாதிரி."

எனக்கு ஏழு வயது. திண்டிவனத்தில் ஹாஸ்டல். முயல் வளர்க்கிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வா என்றாள். பார்த்துவிட்டு வந்தால் டிரங்குப் பெட்டி மட்டும் இருந்தது.

அம்மா உரிப்பதை நிறுத்தவில்லை.

"நான் எங்க போனேன்? எதுத்தாப்புல பொட்டிக்கட பின்னாடிதான் நின்னுக்கினு இருந்தேன். நீ ஹாஸ்டல் கேட்டப் புடிச்சிக்கினு நின்ன. இந்தாண்ட பாத்தப்ப குனிஞ்சிக்கினேன். கடைசி பஸ்ஸுக்குத்தான் வந்தேன்."

"ஏம்மா இத சொல்லவே இல்ல?"

"நீ கேக்கவே இல்லியே. நாளைக்கி அதுங்க கூப்டா எடுத்துப் பேசு. இன்னா கேட்டாலும் பேசு."

(நான் குனிந்த விஷயத்தை அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை. கதை எழுதுகிறவளாக எனக்கு இந்த இடம் பிடிக்கவில்லை. ரொம்பக் கச்சிதமாக இருக்கிறது, நீங்கள் நம்ப மாட்டீர்கள். மகளாக எனக்கு வேறு சிக்கல். இருபத்திரண்டு வருடமாக வைத்திருந்த கோபத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது?)

6

முடிவுகள், கைவசம் உள்ளவை.

அ) மதியம் பிள்ளைகள் பாட்டுப் பாடுகிறார்கள். எல்லாம் மன்னிக்கப்பட்டது. இந்தக் கதைக்கு யாராவது பரிசுகூடக் கொடுப்பார்கள்.

ஆ) சிக்னல் இல்லை என்று போனை அணைத்துவிடுகிறேன். இதில் எனக்கு முன் அனுபவம் உண்டு.

இ) திரையில் எல்லோரும் இருக்கிறார்கள், சிகொண்டி மட்டும்...

இதை எழுத மாட்டேன்.

பஸ் மேம்பாலம் ஏறிவிட்டது. "திண்டிவனம் எறங்குறவங்கள்லாம் முன்னாடி வாங்க" என்கிறார் கண்டக்டர். இவ்வளவு தூரம் வந்த பிறகுதான் ஒன்று உறைக்கிறது. போதும், திரும்புங்கள் என்று நான் சொல்லவே இல்லை. அந்த ஊர்க் கணக்குப்படி, எண்பத்து நான்கு பேரும் இன்னும் என் பின்னால் வந்துகொண்டிருக்கிறார்கள். ஏழு மாதமாக.

மதியம் அவர்கள் என்ன கேட்டாலும், நான் சொல்ல வேண்டியது அது ஒன்றுதான். சொல்லிவிட்டேனா இல்லையா என்று நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். என்னைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் கொடுத்துவிட்டேன்.

நீங்களும் கூடவே வந்துவிட்டீர்கள். கடைசி வரியில் எதையாவது வேடிக்கை காட்டிவிட்டு நழுவ எனக்குத் தெரியும். மாட்டேன். உங்களிடம் சொல்லிப் பழகிக்கொள்கிறேன், குனியாமல்.

நான் இங்கே இறங்குகிறேன். இவ்வளவு தூரம் வந்தது போதும். திரும்புங்கள்.