மூடியில் ஒரு ரோஸ் பொட்டு

அத்தானுக்குத் தொழில் பல் செட் செய்வது. டாக்டர் அனுப்பும் அச்சை வைத்து, ரோஸ் நிறப் பசையில் ஈறு வார்த்து, பல்லைப் பதித்து, பாலிஷ் போட்டுக் கொடுப்பார். கை சுத்தம் என்றால் அப்படியொரு சுத்தம். ஆனால் ஓட்டை, விரிசல் எதைக் கண்டாலும் அடைக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. சோப்பு டப்பா, டீ கோப்பையின் பிடி, ரேடியோவின் முதுகு, எல்லாவற்றிலும் அந்த ரோஸ் பசை பளபளக்கும். அக்கா வீட்டில் ஈறு இல்லாத சாமான் கிடையாது.

இந்த மனிதர்தான் ஒருநாள் தன் பழைய சைக்கிளுக்கு இன்ஜின் மாட்டப் போவதாகக் கிளம்பினார். காரணம் அக்காவின் முழங்கால். அக்கா நர்ஸ். மேட்டின் உச்சியில் ஆஸ்பத்திரி. விடியற்காலை டியூட்டிக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது, அதுவரை நடந்தே போய்வந்தாள். காலில் ஆபரேஷன் ஆனபிறகு அந்த ஏற்றம் இனி நடக்காது என்றாகிவிட்டது. நேரத்துக்கு வரமுடியாவிட்டால் வார்டு வேண்டாம், ஃபைல் ரூமில் உட்கார்ந்துகொள் என்று மேட்ரன் சொல்லிவிட்டார்.

அக்கா அதை என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "ஃபைலுக்கெல்லாம் காய்ச்சல் வராதுடா. நான் அங்க போய் யாரைத் தொட்டுப் பார்க்கிறது?" சிரித்த முகம் அப்படியே நின்றுவிட்டது.

ஆக, இன்ஜின் வந்தது. ஓடவும் செய்தது. தெருமுனை தாண்டி, ரொட்டிக்கடை தாண்டி ஜோராகப் போகும். அப்புறம் இருமும், திக்கும், நின்றுவிடும். அத்தான் இறங்குவார். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுவார். பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து எட்டிப் பார்த்து, திருகி மூடுவார். மிதித்தால் உடனே கிளம்பிவிடும். குற்றவாளி பிளக்தான் என்று தீர்ப்பாகும். மறுநாள் புது பிளக். மறுபடி அதே இடத்தில் நிற்கும். இந்தத் தடவை கார்ப்பரேட்டர் மாட்டிக்கொள்ளும். அதற்கடுத்து பெட்ரோல் குழாய். அவர் பழி போடாத உறுப்பு என்று அந்த வண்டியில் பெல் மட்டும்தான் பாக்கி.

மெக்கானிக்கிடமும் கொண்டுபோனோம். கடை வாசலில் அது சமர்த்தாக ஓடிக் காட்டியது. இன்ஜினில் ஒரு குறையும் இல்லை, ஓட்டுகிறவரைத்தான் பார்க்கவேண்டும் என்று அவர் அனுப்பிவிட்டார். திரும்பும் வழியில் நின்றது. தள்ளியது யார் என்று கேட்கிறீர்களா? மச்சான் என்று ஒருவன் பிறகு எதற்கு இருக்கிறான்!

வீட்டுக்குள் நுழைந்தால் அக்கா தயாராக இருப்பாள். "உங்க ரெண்டாவது சம்சாரம் இன்னைக்கு எங்க கோவிச்சுக்கிட்டா?" என்பாள். அத்தான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

இப்படியே அக்காவின் லீவும் முடிந்தது. முதல் நாள் டியூட்டி. அக்கா வெள்ளை யூனிஃபார்மில் மடிப்புக் கலையாமல் கேரியரில் உட்கார்ந்தாள். என் சைக்கிளில் நான் பின்னால் போனேன், தள்ளுவதற்கு ஆள் வேண்டுமே. ரொட்டிக்கடை தாண்டியது. மேடு ஆரம்பித்தது. பாதி ஏற்றத்தில் இருமியது, திக்கியது, நின்றது.

அக்கா கேலி செய்வாள் என்று காத்திருந்தேன். அவள் இறங்கி, உச்சியில் தெரிந்த ஆஸ்பத்திரி விளக்குகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தான் பிளக்கைக் கழற்றப் போனார். ஸ்பானர் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தவர், பழக்கதோஷத்தில் பெட்ரோல் மூடியைத் திறந்தார்.

'உஸ்' என்று ஒரு சத்தம்.

அக்கா திரும்பினாள். அது என்ன சத்தம் என்று கேட்டாள். மூடி அவ்வளவு டைட், காற்று கூடப் போகாது என்றார் அத்தான். அந்த நேரத்திலும் அதில் அவருக்கு ஒரு பெருமை. அக்கா மூடியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். நட்டநடுவில், பொட்டு வைத்ததுபோல், ரோஸ் நிறத்தில் ஒரு புள்ளி.

"இங்க ஓட்டை இருந்துச்சா?"

"இருந்துச்சு. அரைகுறையா விட்டிருந்தாங்க. நான்தான் அடைச்சேன்."

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். "மேலே காத்து போக வழி இல்லேன்னா பாட்டில்ல இருந்து சலைன் இறங்காதுங்க. அதுக்குன்னே தனியா ஒரு ஊசி குத்துவோம். இதுக்கும் அப்படித்தானே?"

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காற்று உள்ளே போகாததால் பெட்ரோல் இறங்காமல் இன்ஜின் நின்றிருக்கிறது. அத்தான் மூடியைத் திறந்த ஒவ்வொரு தடவையும் அது மூச்சுவிட்டுப் பிழைத்திருக்கிறது. பெயரைப் பிளக் தட்டிக்கொண்டு போயிருக்கிறது.

அக்கா யூனிஃபார்மில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி ரோஸ் புள்ளியைக் குடைந்துகொண்டே கேட்டாள். சோப்பு டப்பாவை அடைத்தீர்கள் சரி, டீ கோப்பையை ஒட்டினீர்கள் சரி, இது உங்களை என்ன செய்தது என்றாள்.

அத்தான் ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வண்டி குலுங்கினா அது வழியா எண்ணெய் கலந்த பெட்ரோல் தெறிக்குது. நீ வெள்ளை போட்டுக்கிட்டு பின்னால உட்காருவியே."

என்னிடம் ஒரு கிண்டல் நாக்கு நுனிவரை வந்திருந்தது. அதை விழுங்கிவிட்டேன். அக்கா புள்ளியை நெம்பி எடுத்து, ஊதிவிட்டு, மூடியைத் தன் கையாலேயே திருகினாள். ஏறி உட்கார்ந்து, வழக்கமாகக் கேரியரைப் பிடிக்கும் கையால் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். வண்டி மேடு முழுவதும் ஏறி மறையும்வரை நிற்கவே இல்லை. ஸ்பானர் பையோடு நான்தான் நடுரோட்டில் நின்றேன்.

மாலையில் போனபோது அத்தான் யூனிஃபார்மை விளக்கடியில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்காலுக்கு மேல் அழுத்தமாக ஓர் எண்ணெய்க் கறை. பக்கத்தில் வண்டியின் மூடி, ரோஸ் பசை டப்பா. பாதி மட்டும் அடைத்தால் என்ன என்று என்னிடம் யோசனை கேட்டார்.

அக்கா வந்து மூடியையும் டப்பாவையும் அவர் முன்னாலிருந்து எடுத்து அப்பால் வைத்தாள். யூனிஃபார்மையும் வாங்கிக்கொண்டாள்.

"ஃபைல் ரூம்ல போய் உட்கார்ந்திருந்தா இந்தக் கறை பட்டிருக்காது," என்றாள். "இருந்துட்டுப் போகட்டும்."