அத்தாஉல்லாவின் கெளுத்திகளும் ரம்ஸியாவின் உறைமோரும்

யுத்தம் முடிந்த நாலாம் வருஷம் புத்தளத்துக் கரைத்தீவில் நாற்பத்தொரு நாள் எதுவும் புளிக்கவில்லை. பால் பாலாகவே இருந்தது, அப்பத்துக்குக் கரைத்த மா பொங்கவில்லை. வெயிலில் எறிந்த மீன்குடல்கூட நாறாமல் கிடக்க, காகங்கள் சந்தேகப்பட்டு அதைத் தொடவில்லை. காரணம் எல்லாருக்கும் தெரியும்: அத்தாஉல்லாவின் கை.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து வந்து, புத்தளம் சந்தையில் இருபது வருஷம் கருவாடு விற்றவர் அவர். எடை போட்ட பிறகு தராசுத் தட்டில் மேலும் ஒரு பிடி போட்டுக் கொடுக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அந்தக் கையோடுதான், யாரோ கைவிட்ட இறால் தொட்டியில் மழைத் தண்ணீர் பிடித்துக் கெளுத்தி வளர்க்க இறங்கினார். இரண்டு தடவை குஞ்சுகள் வயிறு வீங்கி, தோலில் சிவந்த புண்ணோடு மிதந்தன. மூன்றாவதும் போனால் அறுபது வயதில் உப்பளத்தில் உப்பு வாரவேண்டியதுதான். ஆகவே நோய் வருமுன்னே தீனியில் கிருமிகொல்லி கலந்தார். மருந்துக்கடைக்காரன் ஒரு கரண்டி என்றான். இவர் ஒரு கரண்டி போட்டு, வழக்கப்படி மேலே ஒரு பிடியும் போட்டார்.

ஒரு மாதம் ஒரு மீனுக்கும் நோவில்லை. தொட்டியின் ஆவி மட்டும் ஊருக்குள் போய் ஒவ்வொரு சட்டியாக எட்டிப் பார்த்தது. பிறகு புண் திரும்பி வந்தது. மருந்து தின்று பழகிய புண், போடப் போடக் கொழுத்தது. நாற்பதாம் நாள் தயிர்க்காரி ரம்ஸியா தன் வெறுஞ்சட்டிகளைக் கொண்டுவந்து அவர் படலை வாசலில் அடுக்கினாள்.

“நானா, ஒங்கட மருந்து நல்லதத்தான் கொல்லுது, கெட்டதுக்குச் சோறு போடுது. இப்பிடி ஒரு ஆள கடையில வேலைக்கு வெப்பீங்களா?”

“நிப்பாட்டினா மிச்ச மீனும் போயிரும் புள்ள.”

“போட்டாலும் போகுதுதானே?”

அன்றைக்கே அத்தாஉல்லா மருந்தை நிறுத்தினார். மறுநாள் ரம்ஸியா வண்ணாத்திவில்லுவுக்கு பஸ் ஏறி, மதினி வீட்டிலிருந்து உயிருள்ள உறைமோர் ஒரு முட்டி கொண்டுவந்தாள். பாதி அவள் பாலுக்குப் போனது, பாதியைத் தீனியில் பிசைந்து தொட்டியில் போட்டாள். புண்பட்ட மீன்கள் செத்தன, மற்றவற்றுக்குத் தொற்றவில்லை. நல்ல கிருமிகள் முந்திக்கொண்டு மீன்குடலில் கடை விரித்துவிட்டதால் கெட்டதுக்கு இடம் கிடைக்கவில்லை என்று மீன்பிடி உத்தியோகத்தர் பிறகு வந்து விளக்கினார். சந்தையில் இடம் பிடித்துப் பழகிய அத்தாஉல்லாவுக்கு அது பாதிப் பேச்சிலேயே விளங்கிவிட்டது.

அந்த வருஷம் இரண்டாயிரத்துச் சொச்சம் கெளுத்தி பிழைத்தது. உப்பளத்துக்கு அவர் போகவில்லை. ஐந்து வேளையும் துஆவில் உம்மா வாப்பாவுக்கு அடுத்தபடியாக ரம்ஸியாவின் பெயரைச் சொல்கிறார். அவள் புருஷன் ஹில்மி தன் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டான், சேர்க்கப்பட்டது.

இப்போதெல்லாம் விடியும் நேரம் தொட்டித் தண்ணீர் மேலாகத் தயிர்போல வெள்ளையாய் உறைந்து கிடக்கும். சுபஹு தொழப் போகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அதன்மேல் குறுக்கே நடந்து போகிறார்கள். காலுக்குக் கீழே கெளுத்திகள் மீசையை அசைத்தபடி மறுகரை வரை கூடவே வருகின்றன. எட்டு மணிக்குள் இளகிவிடும். அதற்குப் பிறகுதான் உறைமோர் பிசைந்த தீனி.